பயந்தவர் பக்கத்து இருக்கை

உட்காருவதற்கு முன் ஓர்லி என் சோபாவின் வலது ஓரத்தை ஒருமுறை தட்டுவாள். அங்கே பை ஏதாவது இருந்தால் எடுத்துத் தரையில் வைப்பாள், அது என் பையாகவே இருந்தாலும். இடது பக்கம் முழுக்கக் காலியாகக் கிடக்கும். அங்கே மட்டும் உட்கார மாட்டாள்; எங்கள் இஸ்ரேலில் கார் ஓட்டுகிறவர் உட்காருவது இடது பக்கம். "அது ஓட்டுறவங்க இடம்டீ. நான் அங்க உக்காந்தா ரெண்டு பேரும் சாவோம்" என்பாள். சினிமாவிலும் இப்படித்தான், கல்யாண விருந்திலும் இப்படித்தான். பேச்சில் நான் கொஞ்சம் வேகமெடுத்தால் அவளை அறியாமலே அவள் வலது கால் தரையை அழுத்தும். அவள் வண்டியில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு.

தெல் அவிவுக்குத் தெற்கே கடலோர ஊரான பாட் யாமில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் ஓர்லி அல்கலாய். கடலோரச் சாலையில் ஒரு வெள்ளைக் கார் முக்கி முனகி நின்று, பின்னால் இருபது வண்டிகள் ஹாரன் அடித்துச் சாபம் விட்டுக்கொண்டிருந்தால், உள்ளே சூரியகாந்தி விதை கொரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள்தான். "அவங்க கத்தட்டும். அவங்களும் ஒரு நாள் இப்படி நின்னவங்கதான்" என்று பழகுகிறவரிடம் சொல்வாள். வாரத்தில் இரண்டு மதியங்கள் மட்டும் கூரைமேல் இருக்கும் பழகுநர் பலகையைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டுவிட்டு, ரமத் கானில் இருக்கும் என் சிகிச்சை நிலையத்துக்கு வருவாள். அங்கே அவள் வேலைக்குப் பெயர் மாற்றுத்துணை.

நான் பாலியல் சிக்கல்களுக்குச் சிகிச்சை தருகிறவள். வருகிறவர்களில் பலருக்குக் கணவனோ மனைவியோ காதலியோ உண்டு. இருவரையும் எதிரில் உட்கார வைத்துப் பேசி, வீட்டில் செய்து பார்க்கச் சில பயிற்சிகளைச் சொல்லி அனுப்பினால் பெரும்பாலும் போதும். யாருமே இல்லாதவரை என்ன செய்வது? நீச்சல் தெரியாதவனைக் கரையிலேயே உட்கார வைத்து எத்தனை நாள் தண்ணீரைப் பற்றிப் பேச முடியும்? அவர்களோடு தண்ணீரில் இறங்குகிறவள் ஓர்லி. ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னும் வந்தவர் என்னிடம் வந்து பேசுவார். அவளும் வந்து பேசுவாள். எங்கள் மூன்று பேர் வேலை அது. ஒரு நாள் இந்த உறவு முடியும் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் தொடங்குவோம்.

நீங்கள் கேட்க நினைப்பது எனக்குத் தெரியும். விருந்துகளில் கோப்பையும் கையுமாக என்னை ஓரங்கட்டிக் கேட்காதவர் இல்லை. "அப்போ அந்தம்மா வர்றவங்களோட..." என்று இழுத்து நிறுத்துவார்கள். ஆம், உடலும் உண்டு. கடைசியில், தேவைப்பட்டவருக்கு, தேவைப்பட்ட அளவு. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் உட்கார்வதும் பேசுவதும் ஒன்றாக மூச்சு விடுவதும் உள்ளங்கையைத் தொடுவதும்தான். அந்தக் கடைசிக் கட்டத்துக்கு வராமலே நன்றாகிப் போனவர்கள் நிறைய. இதைச் சொன்னதும் கேட்டவர் முகம் தொங்கிவிடும். அடுத்த தட்டில் ஆலிவ் தேடப் போய்விடுவார்.

ஓர்லியின் மேல்வீட்டுக்காரிக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. படிக்கட்டில் மடக்கி, "நீ பாக்குற வேலைக்கு ஊர்ல வேற பேரு சொல்வாங்க" என்றாளாம். ஓர்லி காய்கறிப் பையைக் கீழே வைத்தாள். "சொல்வாங்கதான். ஒண்ணு பண்ணு, உன் புருஷனையும் கூட்டிட்டு வா. முதல் பாடம், ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறது. உங்க ரெண்டு பேருக்கும் அதுக்கே ஒரு வருஷம் புடிக்கும்." அன்றிலிருந்து மேல்வீட்டுக்காரி லிஃப்டில்தான் போய் வருகிறாள்.

ஐம்பதைத் தாண்டியவள். குட்டை, தடித்த தோள்கள், மருதாணிச் சிவப்பில் சாயம் போட்ட தலைமுடி, வகிட்டில் எப்போதும் இரண்டு விரற்கடை நரை. அழகியா என்று கேட்டால் நான் அவள் தோழி, பதில் சொல்லக் கூடாது. அவளே சொல்வாள்: "கதவத் திறந்ததும் எல்லாரும் ஒரு நிமிஷம் ஏமாந்து போவாங்க மிர்யம். எவளோ சினிமாக்காரி வருவான்னு நெனச்சிருப்பாங்க. அந்த ஏமாத்தம் நல்லது. பாதி பயம் அங்கேயே போயிடும்." உரியவர்களிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர்கள் எல்லாம் மாற்றியவை. ஓர்லி வைத்த ஒரே நிபந்தனை, "என்னை ஒல்லியா எழுது" என்பது. மன்னிக்க வேண்டும், கை வரவில்லை.

வேலைக்கு முன் வெந்நீரில் வெகுநேரம் கையை வைத்திருப்பாள். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். மோதிரம், கடிகாரம், வாசனைத் திரவியம் எதுவும் கிடையாது. விரிப்புகளை அவளே வீட்டிலிருந்து கொண்டுவருவாள், வெயிலில் காயப்போட்டு. அறைக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலோடு ஒரு நிமிடம் நிற்பாள். என்ன செய்கிறாய் என்று ஒருமுறை கேட்டதற்கு, "வீட்ல காபி என்ன திட்டு திட்டினான்னு இங்கேயே விட்டுட்டுப் போறேன்" என்றாள்.

காபி என்றால் குடிக்கிறது இல்லை, அவளோடு வாழ்கிறவர் பெயர். யாஃபாவில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை விருந்துகளில் அரக் சாராயம் இரண்டு சுற்று போனதும் பாட ஆரம்பிப்பார்: "மத்தவன் பொண்டாட்டியெல்லாம் வேலைக்குப் போயிட்டு வந்து குப்பையக் கொட்டுனியான்னு கேப்பா. என்னுதோ, 'காபி, இப்போ உன் விரல் நுனியில என்ன தெரியுது?'ன்னு கேக்குறா. பசி தெரியுதுடீ! வயித்துல தெரியுது!" ஓர்லி அவர் வாயில் சீஸ் வைத்துச் சுட்ட ஒரு புரேகாஸைத் திணித்து அடைப்பாள். இரவு வாசலில் என்னை வழியனுப்பும்போது மட்டும் ஒருமுறை குரலைத் தாழ்த்தி, "கஷ்டமா இல்லாம இருக்குமா? இருக்கும். ஆனா அவ வீட்டுக்கு வரும்போது முழுசா வர்றா" என்றார் மனிதர்.

இந்த வேலைக்கு ஏன் வந்தாய் என்று கேட்டால் அவளிடம் பல பதில்கள் உண்டு. பத்திரிகைக்காரர் ஒருவரிடம் "கார்ல ஏசி கெட்டுப் போச்சு, அதான்" என்றாள். என் மாணவிகளிடம் "எல்லாரும் ஏதாவது ஒண்ணு செய்யணுமில்ல" என்றாள். எனக்கு ஒருமுறை உண்மையைச் சொன்னாள். அவள் அப்பா பக்கவாதத்தில் விழுந்து நீண்ட நாள் படுத்துக் கிடந்தார். "அவரைத் துடைச்சோம், பொரட்டிப் போட்டோம், தூக்கி உக்கார வச்சோம். ஒருத்தரும் தொடல, மிர்யம். நானும்தான். கடைசி வாரம் சும்மா கையைப் பிடிச்சிட்டு உக்காந்தேன். என்னைப் பாத்து, 'யாரும்மா செத்துப் போனாங்க?'ன்னு கேட்டார்." இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

இந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. மருத்துவர்களுக்கு நன்றி வந்து சேரும்; பூங்கொத்து, சாக்லேட், பண்டிகை வாழ்த்து. ஒருவர் தன் மகளுக்கே என் பெயர் வைத்திருக்கிறார். ஓர்லிக்கு ஒன்றும் வராது. கடைசிச் சந்திப்பு முடிந்தால் முடிந்ததுதான். அவர் அவளை அழைக்கக் கூடாது, அவள் அவரை அழைக்கக் கூடாது, பரிசு கூடாது. தெருவில் எதிரே வந்தால் அவர் முதலில் முகம் காட்டினால்தான் அவள் காட்டுவாள். பெரும்பாலும் யாரும் காட்டுவதில்லை, பக்கத்தில் குடும்பம் இருக்கும். விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. காரணம் உண்டு: இங்கே கற்றதை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஒரு வாழ்க்கை அமைக்க வேண்டும், இவளிடமே தங்கிவிடக் கூடாது. சரியான விதிதான். ஆனாலும் எத்தனையோ பேருக்கு இரண்டாம் பிறவி கொடுத்த ஒருத்தி கடைவீதியில் யாரோ போல நடந்து போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஆவ்னர் பின்ஹாசோவ் முதல் நாள் எனக்குக் கை கொடுக்கவில்லை. அவன் பெற்றோர் சமர்கண்டிலிருந்து வந்தவர்கள். தெற்குத் தெல் அவிவில் அவர்களுக்கு ரொட்டிக் கடை. எரிவாயுவில் எரியும் மண் அடுப்பின் உட்சுவரில் கையால் ஒட்டிச் சுடுகிற, நடுவில் முத்திரை குத்திய வட்ட ரொட்டி. ஒரு விடியலில் எரிவாயு கசிந்து அடுப்பு வெடித்தது. ஆவ்னருக்குக் கழுத்திலிருந்து விரல்வரை, மார்பு முழுக்க, வெந்து போனது. ஆஸ்பத்திரியில் அவனைப் பிழைக்க வைத்தார்கள், தோல் ஒட்டினார்கள், விரல்களை மறுபடி மடக்கப் பழக்கினார்கள். அதன்பின் வருடக்கணக்கில் அவனைத் தொட்டவள் அவன் தாய் மட்டும்தான், அதுவும் களிம்பு பூச. பெண் பார்க்கும் பேச்சு வந்தால் பின்வாசல் வழியாகப் போய்விடுவான்.

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம் டாக்டர். ஒருத்தி என் கையைப் பிடிச்சா நான் கையை இழுத்துக்காம இருக்கணும். அவ்வளவுதான்" என்றான்.

ஓர்லியிடம் சொன்னேன். "அவ்வளவுதானாமா? வாய்க்கு வந்ததச் சொல்றான். அனுப்பு" என்றாள்.

அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, கையைக் காட்டு என்றிருக்கிறாள். "பாத்து. பயந்துடாத" என்று அவன் கைகளைத் திருப்பினான். "நான் புதுசா வண்டி ஓட்டுறவங்க பக்கத்துல உக்காந்து பொழைக்கிறவ. எனக்கு என்னடா பயம்?" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலால் தொடங்கினாள். மணிக்கட்டு, விரல் முட்டி, நகம் இல்லாத இரண்டு விரல்கள். அவனால் பொறுக்க முடியவில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"இங்க வழவழன்னு இருக்கு. இங்க கயிறு மாதிரி. இங்க சூடா இருக்கு. உனக்கு?"

"அங்க எதுவும் தெரியல. ...அங்கயும் இல்ல. இங்க தெரியுது."

"அப்போ இங்கேருந்து ஆரம்பிப்போம். என்னை சந்தோஷப்படுத்தணும்னு நெனைக்காத. எனக்கு என்ன வேணும்னு யோசிக்காத. உன் கையில என்ன தெரியுது, அதை மட்டும் சொல்லு."

இதுதான் அவள் பாடம், வருகிற எல்லோருக்கும். கேட்க எளிது. வீட்டில் உங்கள் ஆளோடு செய்து பாருங்கள். இரண்டாவது நிமிடத்தில் நாளைக்குக் கட்ட வேண்டிய மின் கட்டணம் நினைவுக்கு வரும்.

சில வாரங்கள் நன்றாகப் போயின. பிறகு ஒரு மதியம் அவள் விரல் அவன் கழுத்துக்குப் போனபோது, அம்மா களிம்பு பூசும் அதே இடம், அவன் எழுந்து ஒரு சொல் இல்லாமல் வெளியேறிவிட்டான். காலணியை விட்டுவிட்டு, சாக்ஸோடு. நான் ஜன்னலில் பார்த்தேன், கீழே நடைபாதையில் கூண்டுக்குள் இருப்பவனைப் போல நடந்துகொண்டிருந்தான். ஓர்லி பின்னால் போகவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். போய்ப் பேசேன் என்று நான் வாசலிலிருந்து சைகை செய்தபோது என்னைத் துரத்தினாள். நேரம் முடியப் போகும்போது அவன் படியேறி வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னும் இங்கதான் இருக்கியா?"

"உன் நேரம் முடியலையே. உக்காரு. மாவு பெசையறதப் பத்திச் சொல்லு. கையில பாதி இடத்துல ஒண்ணும் தெரியலன்னாலும், மாவு சரியா வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

அவன் சொன்னான். மாவை அமுக்கக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. விரலை எடுத்ததும் குழி தானாக மேலே வரும், அதுதான் பக்குவம். சொல்லிக்கொண்டே அவள் முன்கையைப் பிடித்துக் காட்டிவிட்டான். பிடித்தபின்தான் பிடித்தது தெரிந்ததாம். இருவரும் அசையாமல் இருந்ததாக ஓர்லி சொன்னாள். "மூச்சு கூட விடல நான். வண்டி மொத தடவ தானா நகரும்போது வாயத் தொறக்கக் கூடாது."

கோடையில் ஒரு நாள் அறையை விட்டு வந்தவள் என் சோபாவின் வலது ஓரத்தைத் தட்டக்கூட மறந்து நின்றாள். "தூங்கிட்டான், மிர்யம். என் கை அவன் மார்ல இருக்கு. அவன் பாட்டுக்குக் குறட்டை விடறான்." அவளுக்கு அழுகை வந்தால் யார்மீதோ கோபம் வந்ததுபோல் பலமாக மூக்கைச் சிந்துவாள். அன்று சிந்தினாள்.

கடைசிச் சந்திப்பு என் அறையில் நடந்தது. ஆவ்னர் துணியில் சுற்றி ஒரு ரொட்டி கொண்டுவந்தான். பரிசு கூடாது என்றேன். "பரிசு இல்ல டாக்டர், சாப்பாடு" என்று அங்கேயே பிட்டு வைத்தான். விதியில் சாப்பாட்டைப் பற்றி எதுவும் இல்லை, மூவரும் சாப்பிட்டோம். தெருவில் பார்த்தால் என்ன செய்வது என்று கேட்டான். "நீ பாத்தா நானும் பாப்பேன். நீ பாக்கலன்னா நான் பாட் யாம்ல ஒரு டிரைவிங் டீச்சர், அவ்வளவுதான்" என்றாள் ஓர்லி. அவன் எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனான்.

அதன்பின் அவனைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

சென்ற வசந்தத்தில் ஓர்லி வேலை இல்லாத ஒரு நாளில் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். முகம் வெளுத்திருந்தது. புதிதாக ஒருத்தி அவளிடம் கார் பழகுகிறாள். மெய்ராவ் என்று பெயர், மழலையர் பள்ளி ஆசிரியை, முப்பது வயதுக்கு மேல், ரோட்டைக் கண்டாலே மிரள்கிறவள். அன்று ஒரு வளைவில் பயந்துபோய் வண்டியை நிறுத்திவிட்டாள். ஓர்லி வழக்கம்போல் விதை கொரித்துக்கொண்டு காத்திருந்தாள். மெய்ராவ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தனக்குத்தானே முணுமுணுத்தாள்: "உன் கையில என்ன தெரியுது, அதை மட்டும் சொல்லு." ஓர்லிக்கு விதை தொண்டையில் சிக்கியது.

"இத யாரு கண்ணு உனக்குச் சொன்னது?"

"என் ஆளுதான். எனக்குப் பதட்டம் வந்தா இப்படித்தான் சொல்வாரு. ஷவூவோத் பண்டிகை கழிஞ்சதும் எங்களுக்குக் கல்யாணம். அவருக்குக் கையில தீக்காயம், வண்டி ஓட்ட முடியாது, அதான் நான் கத்துக்குறேன். உங்ககிட்ட போகச் சொன்னதும் அவருதான். பயந்தவங்க பக்கத்துல உக்கார்றதுக்கு உங்களை விட்டா ஆளே இல்லன்னாரு."

ஓர்லி இதைச் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். சந்தோஷமும் பயமும் ஒன்றாக ஒரு முகத்தில் வந்தால் அது அழகாக இருப்பதில்லை.

"அவளுக்கு நீ யாருன்னு தெரியுமா?" என்றேன்.

"தெரியாது. யாரோ டாக்டர்கிட்ட போயிட்டு வந்தார்ன்னு மட்டும் தெரியும்."

"அப்போ அவளை உன் வண்டியில வச்சிருக்க முடியாது. தெரியாம உக்கார வைக்கிறது தப்பு."

"எனக்குத் தெரியாதா? வேற டீச்சர்கிட்ட மாத்தி விடறேன்னு சொன்னா ஏன்னு கேப்பா. அவன் உண்மையச் சொன்னா, கல்யாணம் நின்னு போச்சுன்னா? மிர்யம், இத்தனை வருஷத்துல என்னால ஒருத்தர் வாழ்க்கையும் கெட்டதில்ல. இவன் வாழ்க்கை என் பேரால கெடணுமா?" அவள் கால் தரையை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

ஆவ்னரை நான்தான் அழைத்தேன். கோபமாகத்தான் பேசினேன், விதி தெரியாதா என்று கேட்டேன். பின்னால் அடுப்பின் இரைச்சல் கேட்டது. "தெரியும் டாக்டர். பரிசு கூடாதுன்னீங்க, குடுக்கல. கூப்பிடக் கூடாதுன்னீங்க, கூப்பிடல. ஆள அனுப்பக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்ல" என்றான். பிறகு குரல் மாறியது. "நன்றி சொல்ல எனக்கு வேற வழி தெரியல. எனக்கு இருக்கறதிலேயே பெருசு அவதான். அவள அனுப்பினேன்."

எனக்குக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: அடுத்த பாடத்துக்கு முன் அவளிடம் எல்லாம் சொல்லிவிடு.

"சொன்னா போயிடுவா."

"சொல்லலன்னா அவ யார் பக்கத்துல உக்காந்திருக்கான்னே தெரியாம உக்காந்திருப்பா. அது உனக்கு நியாயமா படுதா?"

"ரொட்டி கருகுது டாக்டர்" என்று ஃபோனை வைத்துவிட்டான்.

அடுத்த பாடம் இருந்த அன்று காலை ஓர்லி என்னையும் பாட் யாமுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ஃபோன் பண்ணவ நீதானே, வந்து நில்லு" என்றாள். மெய்ராவ் எப்போதும் ஏறும் தெருமுனையில், சோடாக் கடை நிழலில், நான் ஒரு கோப்பைத் தேநீரோடு நின்றேன். ஓர்லி வண்டியை நிறுத்திவிட்டு வெளியே வந்து கதவில் சாய்ந்துகொண்டாள். கடற்காற்று முடியைக் கலைத்தது. நேரம் ஆனது. தாண்டியது. ஃபோன் வரவில்லை. "வர மாட்டா" என்றாள் என்னைப் பார்க்காமல். "வரலன்னா அவன்கிட்டேயும் இருக்க மாட்டா." நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்; வாயை மூடு என்று கை காட்டினாள். சோடாக் கடைக்காரர், "என்ன ஓர்லி, இன்னிக்குப் பலி ஆடு வரலையா?" என்று கேட்டதற்கு, பக்கக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். அவள் பதில் சொல்லாமல் விட்டதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்திருக்கும்.

மெய்ராவ் கடற்கரைப் பக்கமிருந்து நடந்து வந்தாள். பள்ளி ஏப்ரனில் பசையும் மினுமினுப்பும் ஒட்டியிருந்தன. கண்கள் வீங்கியிருந்தன. வண்டிக்கு இரண்டடி தள்ளி நின்றாள்.

"சொல்லிட்டாரு" என்றாள்.

"ம்."

"அன்னிக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டேன். ரொம்பத் திட்டினேன் அவர. உங்களையும் திட்டினேன். வாய்க்கு வந்ததெல்லாம்."

"திட்டணும்தான் கண்ணு."

"நேத்து போய்க் கேட்டேன். அந்தம்மா அப்படி என்னதான் உனக்குக் கத்துக்குடுத்தாங்கன்னு. 'நீ தொடும்போது ஓடிப் போகாம இருக்கறதுக்கு'ன்னாரு."

ஓர்லி மூக்கைச் சிந்தினாள். பிறகு தொழில்காரக் குரலை வரவழைத்துக்கொண்டு, "இன்னிக்கு உன்னைக் கார்ல ஏத்த மாட்டேன். டோவிக்னு ஒருத்தர் இருக்காரு, நல்ல மனுஷன், சத்தம் போட மாட்டாரு. சொல்லி வச்சிருக்கேன்" என்றாள்.

"தெரியும். நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு அவரு சொன்னாரு. அவர் உங்ககிட்ட பேசக் கூடாது. எனக்கு அந்த விதியெல்லாம் இல்லையே? அதுக்குத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு அந்தப் பெண் முன்னால் வந்தாள். வீட்டுக்குள் நுழையும்போது நிலைக்காலில் இருக்கும், வேதவரிகள் அடங்கிய மெசூசாச் சிமிழைத் தொட்டு, தொட்ட விரலை உதட்டில் ஒற்றிக்கொள்வோமே, அதேபோல ஓர்லியின் வலது கையை விரல் நுனியால் தொட்டு, அந்த விரலை முத்தமிட்டாள்.

சுட்டுவிட்டதுபோல் ஓர்லி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அடி வாங்கப் பயந்த பள்ளிக்கூடப் பிள்ளைபோல் அப்படியே நின்றாள். மெய்ராவ் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓர்லியின் கைகள் மெல்ல முன்னால் வந்தன. இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பி, அவளிடம் நீட்டினாள்.